எழுதி வைத்த பேக்கப் திட்டம் நாலு வருடத்தில் செத்துப்போயிருந்தது: நீங்கள் எப்படிப் புதுப்பித்து வைத்திருக்கிறீர்கள்?

நூல்கண்டு_திருப்பூர் | வியாழன், இரவு 9.40

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு. கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங் என எல்லாப் பிரிவும் சேர்த்து நூறு பேருக்குக் கொஞ்சம் மேல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021இல் நானே உட்கார்ந்து ஐந்து பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினேன். சர்வர் போனால் யாரைக் கூப்பிடுவது, பேக்கப் எங்கே இருக்கிறது, எதை முதலில் ஏற்றுவது, எத்தனை மணி நேரத்தில் வேலை திரும்ப ஓடும் என்று எல்லாம் அதில் இருந்தது. முதலாளி படித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்தும் பார்த்தோம். நான்கே மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதி.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கரண்ட் போய் வந்ததில் சர்வரின் ரெய்டு கார்டு (டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் அட்டை) எரிந்துவிட்டது. தைரியமாகத்தான் அந்த ஐந்து பக்கத்தை எடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்த இன்ஜினியர் அந்தக் கம்பெனியை விட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறதாம். கிளவுட் கணக்கில் நுழைய ஓடிபி கேட்டது. அது எங்கள் அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்து, கல்யாணமாகி சேலம் போய்விட்ட ஒரு பெண்ணின் சொந்த நம்பருக்குப் போனது. இரவு 11 மணிக்குக் கூப்பிட்டேன். பாவம், தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிபி சொன்னார். அவர் நம்பரை மாற்றியிருந்தால் என் கதி என்ன?

உள்ளே போனதும் அடுத்த அடி. 2021இல் எங்கள் மொத்த டேட்டா 90 ஜிபி. இப்போது 1.1 டெராபைட். எங்கள் இன்டர்நெட் லைன் 100 எம்பிபிஎஸ். முழு வேகம் கிடைத்தாலே இறக்குவதற்கு 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிஜத்தில் இரண்டு நாள் ஆயிற்று. திட்டத்தில் "4 மணி நேரம்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. சரி, முதலாளி வீட்டுக்கு வாராவாரம் போகும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏற்றலாம் என்று பார்த்தால், அதைக் கொண்டுபோன டிரைவர் நின்றதிலிருந்து, அதாவது எட்டு மாதமாக, டிஸ்க் அங்கேயே கிடக்கிறது.

எல்லாவற்றையும் விட வலித்தது கட்டிங் பிரிவு. 2023இல் பேட்டர்னும் (வெட்டும் வடிவம்) மார்க்கரும் (துணியில் அதை அடுக்கும் வரைபடம்) போட ஒரு கேட் (CAD) மென்பொருள் வாங்கினோம். அதன் ஃபைல்களும் அந்தச் சர்வரில்தான், ஆனால் தனி டிரைவில். அந்த டிரைவ் பேக்கப்பில் சேரவே இல்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டிங் மாஸ்டர் மூன்று ஸ்டைலுக்குப் பேட்டர்ன் திரும்பப் போட்டார். செவ்வாய்க்கிழமைதான் மெஷின் ஓடியது. கப்பலில் போக வேண்டிய ஒரு ஷிப்மென்ட் விமானத்தில் போனது. செலவு எங்களுடையது.

எழுத எனக்குத் தெரிகிறது. எழுதியதை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கத்தான் தெரியவில்லை. உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

---

இரவுப்பணி | வியாழன், இரவு 11.15

அண்ணா, முதலில் ஒன்று சொல்கிறேன். இதைத் திறந்து எழுதியதற்கே நன்றி. பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள்.

நான் சென்னையில் சர்வர் நிர்வாகம் பார்க்கிறேன். உங்கள் கதையைப் படித்ததும் கிட்லேப் நினைவுக்கு வந்தது. 2017 ஜனவரி 31. உலகம் முழுவதும் புரோகிராமர்கள் தாங்கள் எழுதும் புரோகிராம்களை வைத்திருக்கும் தளம். இரவு வேலையில் இருந்த ஒரு இன்ஜினியர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. நிறுத்துவதற்குள் நாலைந்து ஜிபிதான் மிச்சம்.

பேக்கப் இருந்ததா என்றால், பேப்பரில் ஐந்து விதமாக இருந்தது. தினமும் எடுக்க வேண்டிய டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) வெகுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்புக்கு மாறியிருந்தது, டம்ப் எடுக்கும் கருவி மட்டும் 9.2ஆகவே ஓடியது. தோற்கும்போது மின்னஞ்சல் வரும்படி வைத்திருந்தார்கள். அந்த மின்னஞ்சல் முறையாகக் கையொப்பமிடப்படாததால் சர்வரே அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடைசியில் காப்பாற்றியது, சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அது இருந்தது அதிர்ஷ்டம். ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். நடந்ததை அவர்கள் மறைக்காமல் வரிக்கு வரி வெளியிட்டார்கள். அதனால்தான் நாம் இன்று பேச முடிகிறது.

நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது: தோற்றால் தகவல் வரட்டும் என்று வைக்காதீர்கள். வெற்றி பெற்றால் தகவல் வரட்டும், அது வராத நாளில் அலாரம் அடிக்கட்டும். எங்களிடம் ஒவ்வொரு பேக்கப்பும் முடிந்ததும் வேறொரு மெஷினில் ஒரு வரி எழுதும். காலை 7 மணிக்கு அந்த வரி இல்லையென்றால் மூன்று பேர் போனும் அடிக்கும். கூடவே ஃபைல் சைஸும் பதிவாகும். நேற்று 40 ஜிபி, இன்று 2 கேபி என்றால் "வெற்றி" என்று வந்தாலும் நம்பக்கூடாது.

---

மருந்துக்கடை_காரைக்குடி | வெள்ளி, காலை 7.05

பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரே கடை, ஒரே பில்லிங் கம்ப்யூட்டர். பின்னால் ஒரு பென் டிரைவ் சொருகியிருக்கிறது, தினமும் இரவு தானாக அதில் காப்பி ஆகும் என்று மென்பொருள் போட்டவர் சொன்னார். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா, அல்லது இது போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்கர்_கோவை | வெள்ளி, காலை 10.30

வேண்டும் சார். உங்களுக்கு ஐந்து பக்கம் தேவையில்லை, ஆனால் விஷயம் அதேதான்.

எப்போதும் சொருகியே இருக்கும் பென் டிரைவ் கம்ப்யூட்டரின் ஒரு பகுதி மாதிரிதான். ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும், திருடன் வந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போவான். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று கடையில், மற்றது வீட்டில். அடுத்த வாரம் மாற்றுங்கள். காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாதத்தில் ஒரு நாள் வீட்டு லேப்டாப்பில் அதைத் திறந்து, கடைசி நாளின் கடைசி பில் தெரிகிறதா என்று பாருங்கள். ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது, பில் கண்ணில் தெரிய வேண்டும். ஷெட்யூல் எச்1 மருந்துகளின் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதைக் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தால் இன்றே அச்செடுங்கள்.

இனி நூல்கண்டு சாருக்கு. நான் ஆடிட்டர். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் காலம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று நீங்கள் சொன்னது, திட்டம் பழசாகிறது. இன்னொன்று, டேட்டாவே பழசாகித் திறக்க முடியாமல் போகிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பார்கள். ஆனால் அது டேலி என்ற கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பில் இருக்கும், அந்தப் பதிப்பு இப்போது எந்த மெஷினிலும் இருக்காது. இன்னும் மோசம், டேட்டாவையே பூட்டும் டேலி வால்ட் பாஸ்வேர்டு. போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அது மறந்தால் மறந்ததுதான், மீட்க வழியே கிடையாது. பேக்கப் பத்திரமாக இருக்கும், உள்ளே போக முடியாது. இப்படி ஒரு குடும்ப நிறுவனம் பழைய பில் புத்தகங்களை வைத்து ஒரு வருடக் கணக்கைத் திரும்ப ஏற்றியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தக் குடும்பத்து அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆகவே ஏப்ரலில் எல்லா வாடிக்கையாளரிடமும் ஒன்று கேட்கிறேன்: "ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு பில்லை இப்போது திறந்து காட்டுங்கள்." முதல் வருடம் பாதிப் பேரால் முடியவில்லை.

இன்னொன்று. உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். முன்பு "அவ்வப்போது" என்று இருந்தது, 2022 ஆகஸ்டில் "தினமும்" என்று திருத்தினார்கள். 2021இல் எழுதிய திட்டத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை, பாருங்கள்.

---

கடல்காற்று_தூத்துக்குடி | வெள்ளி, மதியம் 1.20

எனக்கு மாறுபட்ட கருத்து. இன்னும் ஏன் சொந்தச் சர்வர்? நாங்கள் ஷிப்பிங் ஏஜென்சி. 2022இல் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டோம். டிஸ்க் தூக்கிக்கொண்டு அலைவதும் இல்லை, ரெய்டு கார்டும் இல்லை. பெரிய நிறுவனங்கள் நம்மை விட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். இந்தத் திட்டத்தைப் புதுப்பிக்கும் பாட்டை விட மாறிவிடுவது நல்லது.

---

இரவுப்பணி | வெள்ளி, மதியம் 2.10

மாறியது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. மாறியதோடு பொறுப்பு முடிந்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

2021 மார்ச் 10, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. ஒரு கட்டிடம் முழுதாகச் சாம்பல். பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களில் பலருக்கு இரண்டும் போனது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம். 6 லட்சம் உறுப்பினர்களுக்கு மேல். கூகுள் கிளவுடில் அவர்களுடைய தனிக் கிளவுட் ஒன்று முழுதும் அழிந்துபோனது. காரணம், அமைக்கும்போது ஒரு இடத்தை நிரப்பாமல் விட்டது. அதனால் ஒரு வருடம் கழித்துத் தானாக அழியும்படி ஆகிவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள், இரண்டும் ஒன்றாகப் போயின. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

2025 செப்டம்பர் 26, தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீ. லித்தியம் பேட்டரியில் பிடித்தது. 700க்கும் மேற்பட்ட அரசு கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் ஃபைல் வைக்கும் ஜி-டிரைவில் 858 டெராபைட். அதற்கு வெளியே பேக்கப் இல்லை, அளவு பெரியது என்பதால் எடுக்காமலே விட்டிருந்தார்கள். இதுதான் நூல்கண்டு அண்ணாவின் 90 ஜிபி 1.1 டெராபைட் ஆன கதை. டேட்டா வளர்ந்தது, ஏற்பாடு வளரவில்லை.

உங்கள் கிளவுட் கணக்குக்குப் பணம் போகும் கார்டு எப்போது காலாவதியாகிறது? அட்மின் மின்னஞ்சல் யார் பெயரில் இருக்கிறது? இதை மட்டும் இன்று பாருங்கள், போதும்.

---

யாழ்_வலை | வெள்ளி, மாலை 6.45

எங்கட நாட்டிலயும் ஒரு பெரிய பாடம் நடந்தது, இங்க சொல்ல வேணும் என்று நினைக்கிறன். 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் கிளவுடில் ரேன்சம்வேர் தாக்குதல். அரச திணைக்களங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகம் உட்பட. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன, அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. 2021இலேயே புதுப்பிக்கத் திட்டமிட்டும் நிதி இல்லாமல் பிந்திப்போனது என்று சொன்னார்கள். பொருளாதார நெருக்கடி எப்படியான காலம் என்று எங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற காலம். ஆனால் பிற்போட்ட வேலையின் விலை பிறகு வந்து சேர்ந்தது.

நான் ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலை செய்கிறன். அதற்குப் பிறகு திட்டத்தில் ஒரு பத்தி சேர்த்தோம்: காசில்லாமல் இந்த வருசம் எதைச் செய்யாமல் விட்டோம், அதனால் எந்தக் காலத்து டேட்டா போகக்கூடும் என்று. தலைவர் அதை வாசித்துக் கையெழுத்திட வேணும். எழுத்தில் பார்த்த பிறகு அவரே அடுத்த வருசம் காசு ஒதுக்கினார்.

---

கடல்காற்று_தூத்துக்குடி | வெள்ளி, இரவு 8.00

இரவுப்பணி சொன்னதைப் பார்த்தேன். கார்டு அடுத்த மாதம் காலாவதி. அட்மின் மின்னஞ்சல், போன வருடம் விலகிய பார்ட்னர் பெயரில் இருக்கிறது. அவரோடு இப்போது பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லை. நாளை காலை முதல் வேலை இதுதான். நன்றி.

---

ஆய்வகம்_மதுரை | சனி, காலை 6.20

இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நிர்வாகம் பார்க்கிறேன். சோதனை செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சோதனையிலேயே என்ன கெடும் என்று ஒருவர் சொல்ல வேண்டும் இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

முதல் முறை ரீஸ்டோர் (பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்) சோதனை செய்தபோது, பழைய பேக்கப்பைத் தனி மெஷினில்தான் ஏற்றினோம். ஆனால் அந்த மெஷினில் இணையம் இருந்தது. ஏற்றி முடித்ததும் மென்பொருள் தன் வேலையை ஆரம்பித்தது: "உங்கள் ரிப்போர்ட் தயார்" என்று மூன்று வாரப் பழைய ஆட்களுக்கெல்லாம் எஸ்எம்எஸ். அதில் இறந்துபோன ஒரு பெரியவரின் மகனுக்கும் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை, "அப்பா போய்விட்டாரே அம்மா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது சோதனை மெஷினில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிய பிறகுதான் பேக்கப்பைத் தொடவே விடுவோம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது அடுத்த கேள்வி. மாதாமாதம் முழுச் சோதனை என்று ஆரம்பித்தோம். மூன்றாவது மாதம் யாரும் வரவில்லை. ஆளைக் குற்றம் சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமை. இப்போது மாதம் ஒரு துண்டு மட்டும், சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். ஒரு மாதம் பில்லிங், ஒரு மாதம் ரிப்போர்ட், ஒரு மாதம் சம்பளம். அரை மணி நேரம். முழுச் சோதனை வருடம் ஒருமுறை. இரண்டு வருடமாக விடாமல் நடக்கிறது.

---

இரவுப்பணி | சனி, காலை 9.00

அக்கா, எஸ்எம்எஸ் விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. குறித்துக்கொண்டேன்.

துண்டு துண்டாகச் சோதிப்பதில் மட்டும் ஒரு பயம் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாக ஏறும், சேர்ந்து ஏறாது. லாகின் சர்வர் இல்லாமல் பில்லிங் திறக்காது. பூட்டின் சாவியே பூட்டிய அறைக்குள் இருக்கும். 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. டிஸ்க்கைப் பிட்லாக்கர் பூட்டி வைத்திருந்த மெஷின்களை எழுப்ப அதன் சாவி வேண்டும். சில இடங்களில் அந்தச் சாவிகள் இருந்த சர்வரும் விழுந்து கிடந்தது. நூல்கண்டு அண்ணா, உங்கள் கேட் மென்பொருளுக்கு டாங்கிள் (சொருகினால்தான் மென்பொருள் திறக்கும் சின்னச் சாவி) இருக்கும். அது ஒன்றுதானா?

---

ஆய்வகம்_மதுரை | சனி, காலை 9.25

நீங்கள் சொல்வது சரிதான் தம்பி. ஆனால் நடக்காத முழுச் சோதனையை விட நடக்கிற அரைச் சோதனை எனக்குப் போதும். உங்களிடம் இரவுப்பணிக்கு ஆள் இருக்கிறார்கள். என்னிடம் நான் மட்டும்தான்.

---

நூல்கண்டு_திருப்பூர் | ஞாயிறு, இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டாங்கிள் ஒன்றுதான் இரவுப்பணி. தொலைந்தால் மாற்று எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று விற்றவரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு இப்போது புரிவது இது. திட்டத்தை "ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று நானும் 2021இல் எழுதித்தான் இருந்தேன். தனியாக ஒரு தேதி வைத்தால் அது ஷிப்மென்ட் அவசரத்தில் காணாமல் போகிறது. ஆனால் கம்பெனியில் எப்படியும் நடந்தே தீரும் சில காரியங்கள் உண்டு, அதோடு கட்டிவிட வேண்டும். மெஷினோ மென்பொருளோ வாங்கினால் பில் அக்கவுண்ட்ஸுக்கு வரும். "பேக்கப்பில் சேர்ந்ததா" என்ற கட்டத்தில் என் கையெழுத்து இல்லாமல் பணம் போகாது என்று முதலாளி ஒத்துக்கொண்டார். ஒருவர் வேலையை விட்டால் கணக்கு முடிக்கும் தாளில் "ஓடிபி, பாஸ்வேர்டு, டிஸ்க் எதுவும் இவர் கையில் இல்லை" என்று ஒரு வரி. டிரைவருக்கும் சேர்த்துத்தான். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் இல்லையா, அதற்கு முந்தின நாள் மெஷின் லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டேட்டா எங்கே போகிறது என்று கேட்டு எழுதுவது.

அப்புறம், இன்று ஒரு சோதனை செய்தோம். நான் செய்யவில்லை. அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சியிடம் அந்தப் பேப்பரைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் நின்றுவிட்டார். "வழக்கமான பாஸ்வேர்டு" என்று எழுதியிருந்தேன், யாருக்கு வழக்கம்? "பெரிய சர்வர்" என்று எழுதியிருந்தேன். இரண்டு சர்வரும் ஒரே அளவில் இருக்கிறது. மூன்றாவது, எதை முதலில் ஏற்றுவது என்பது. நான் ஆர்டர் டேட்டா முதலில் என்று போட்டிருந்தேன். அவர் கேட்டார்: "அண்ணா, சனிக்கிழமை சம்பளம் போட வேண்டாமா?" பவர் டேபிளில் பாதிப் பேருக்கு வாரச் சம்பளம். பீஸ் ரேட் கணக்கு அந்தச் சர்வரில்தான். அதை நான் வரிசையில் ஐந்தாவதாக வைத்திருந்தேன். இப்போது அது முதலாவது. தனியாக ஒரு சின்ன பேக்கப், 300 எம்பி கூட இல்லை, பத்து நிமிடத்தில் ஏறுகிறது.

மொத்த டேட்டாவுக்கு "4 மணி நேரம்" என்பதை அடித்துவிட்டு, கிளவுடிலிருந்து 2 நாள், வீட்டு டிஸ்க்கிலிருந்து 7 மணி நேரம் என்று எழுதினேன். முதலாளிக்கு முகம் சுருங்கியது. ஆனால் சரக்கு வாங்கும் பையருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

---

கணக்கர்_கோவை | ஞாயிறு, இரவு 10.40

பேப்பர் பிரதி எங்கெங்கே வைத்திருக்கிறீர்கள் சார்? சர்வர் அறையில் வைத்தது சர்வரோடு போகும்.

---

நூல்கண்டு_திருப்பூர் | ஞாயிறு, இரவு 10.55

மூன்று மேடம். முதலாளி வீட்டில், என் வீட்டில், கேட்டில் செக்யூரிட்டி ரெஜிஸ்டருக்குள். கேட்டில் இருப்பதில் போன் நம்பர்கள் மட்டும், பாஸ்வேர்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டிருக்கிறேன்.

---

மருந்துக்கடை_காரைக்குடி | திங்கள், காலை 6.50

கோவை மேடம் சொன்னபடி நேற்று இரவு கடையை மூடிவிட்டு, பென் டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பையனின் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். ஜூலை 14ஆம் தேதி பில்லோடு நிற்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. பென் டிரைவ் நிரம்பிவிட்டதாம். தினமும் இரவு "பேக்கப் முடிந்தது" என்று திரையில் வந்துகொண்டுதான் இருந்தது.

இரவே கம்ப்யூட்டரில் இருப்பதை முழுசாகப் பையனின் லேப்டாப்பில் காப்பி எடுத்துவிட்டோம். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்க இன்று போகிறேன். எச்1 பதிவேடு கையால் எழுதியதே இருக்கிறது, அதில் கவலை இல்லை. டிஸ்க் எவ்வளவு ஜிபி வாங்கட்டும்?

---

கணக்கர்_கோவை | திங்கள், காலை 7.15

ஒரு டெராபைட் போதும் சார், உங்கள் கடைக்குப் பல வருடம் வரும். இரண்டையும் வேறு வேறு கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். மேலே 1, 2 என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். இன்று இரவு முதல் காப்பி முடிந்ததும், இன்றைய கடைசி பில்லைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.